பெயர் அழிந்த கத்தியும் பேசும்



பத்துப் பேருடைய பால் வெட்டும் கத்திகளை ஒரு சாக்கில் போட்டுக் குலுக்கிக் கொட்டட்டும். 'உங்கள் கத்தி எது?' என்று கேட்டால் ஒரு நொடியில் எடுத்து நீட்டிவிடுவீர்கள். அதில் உங்கள் பெயர் எழுதியிருக்காது. ஆனாலும் பிடியில் பெருவிரல் பதிந்து பதிந்து வழவழத்துப் போன இடம் உங்களுக்குத் தெரியும். தீட்டுக்கல்லில் நீங்கள் இழுக்கும் வாகுக்கு ஏற்ப வாய் எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதும் தெரியும். பக்கத்து நிரைக்காரரின் கத்தி அப்படித் தேய்ந்திருக்காது.

இந்த அறிவை வைத்துக்கொண்டு உலகில் சிலர் ஒரு பெரிய பொழுதுபோக்கே நடத்துகிறார்கள் என்றால் நம்புவீர்களா? பழைய கத்திகளைத் தேடிச் சேர்ப்பதும், அவை எந்த நாட்டில், எந்த ஊரில், எந்த வேலைக்காகச் செய்யப்பட்டவை என்று கண்டுபிடிப்பதும்தான் அவர்கள் வேலை. அதிலும் ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கும் சுவீடன், நார்வே, பின்லாந்து நாட்டுக் கத்திகள் என்றால் அவர்களுக்குத் தனி மோகம். (பூகோளம் படித்தவர்கள் பின்லாந்தை ஸ்காண்டிநேவியாவில் சேர்க்கமாட்டார்கள். கத்தி சேர்ப்பவர்கள் சேர்த்துக்கொள்வார்கள். நாமும் சேர்த்துக்கொள்வோம்.)

நான் இந்த வழிக்கு வந்தது ஒரு முட்டாள்தனத்தால். சிங்கப்பூர் சுங்கை ரோட்டில் பழைய சாமான் சந்தை ஒன்று இருந்ததே, 2017ல் மூடிவிட்டார்களே, அங்கே தொண்ணூறுகளில் ஒருநாள் எட்டு வெள்ளிக்கு ஒரு கத்தி வாங்கினேன். உறை இல்லை. அலகு முழுதும் துரு. மரப்பிடியில் அங்கங்கே சிவப்புச் சாயம் மிச்சமிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு மாலைப் பொழுதுகள் உப்புக்காகிதம் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தேன். கண்ணாடி போல் ஆகிவிட்டது. எனக்கோ ஒரே பெருமை!

கப்பலில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற நார்வேக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. "அழுக்கை எடுத்ததாக நினைத்துக்கொண்டீர்கள். கத்தியின் பிறப்புச் சான்றிதழை அல்லவா கிழித்துவிட்டீர்கள்!" என்றார். பிடியை ஒட்டி, அலகின் பக்கவாட்டில், செய்தவரின் முத்திரை குத்தியிருக்குமாம். அது நான் போட்ட தேய்ப்பில் போய்விட்டது. உற்றுப் பார்த்தால் ஒரு கீற்றுத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் சாய்த்தார். பிடியின் அடிப்பக்கத்தை நகத்தால் தட்டினார். கால் மணி நேரத்தில் ஊர்ப்பெயரையே சொல்லிவிட்டார். எப்படி என்று கேட்டேன். அன்று அவர் சொல்லிக் கொடுத்ததும், பிறகு நானாகத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

சிவப்புப் பிடியின் ஊர்

அவர் சொன்ன ஊர் மோரா. சுவீடனின் நடுப்பகுதியில் தாலர்னா மாநிலத்தில் சில்யான் என்ற ஏரிக்கரையில் இருக்கிறது. நீண்ட குளிர்காலத்தில் வயலில் வேலை கிடையாது. ஆகவே அங்கத்து மக்கள் வீட்டோடு இருந்தே கைத்தொழில் செய்தார்கள். மோராவை அடுத்த ஓஸ்த்னோர் கிராமத்தில் கடிகாரம் செய்வார்கள், கத்தியும் செய்வார்கள். புரோஸ்ட் எரிக் எர்சன் என்பவர் அமெரிக்காவுக்குப் போய் மரம் வெட்டும் வேலை செய்துவிட்டுத் திரும்பி, 1891ல் அந்தக் கிராமத்தில் பட்டறை வைத்தார். முதலில் அவர் செய்ய நினைத்தது கத்தி அல்ல, காட்டிலிருந்து மரம் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டி! வண்டி செய்யக் கத்தி வேண்டியிருந்தது. கடைசியில் கத்திதான் நிலைத்தது. 1912ல் எரிக்சன் என்பவரின் பட்டறையும் அதே வட்டாரத்தில் தொடங்கியது. போட்டியாக இருந்த இரண்டும் 2005ல் ஒன்றாகிவிட்டன. ஆகவே ஒரு மோராக் கத்தியில் எரிக்சன் பெயர் மட்டும் தனியாக இருந்தால், பெரும்பாலும் அது அந்த ஆண்டுக்கு முந்தியது என்று கொள்ளலாம்.

பெயர் இல்லாத என் கத்தியை மோரா என்று சொன்னது எப்படி?

முதலில் பிடி. பிர்ச் மரத்தில் கடைந்து, நடுவில் பருத்து, இரு முனையிலும் சிறுத்து, சின்னப் பீப்பாய் போல இருக்கும். சிவப்புச் சாயம் பூசியிருப்பார்கள். இரண்டாவது, பிடிக்கும் அலகுக்கும் இடையே விரல் வழுக்காமல் காக்கும் குறுக்குத் தடுப்பு கிடையாது. சண்டைக்கு வைத்திருக்கும் கத்தியில் அந்தத் தடுப்பு வேண்டும். மரம் செதுக்குகிறவருக்கு அது இடைஞ்சல். மூன்றாவது, அலகின் வால். பிடிக்குள்ளே மெல்லிய கம்பியாக நுழைந்து, அடிப்பக்கம் வெளியே வந்து, சுத்தியலால் தட்டி மழுக்கப்பட்டிருந்தது. மலிவான கத்திகளில் வால் பாதியிலேயே நின்றுவிடும்.

நான்காவது அடையாளம்தான் எனக்கு வியப்பாக இருந்தது. கத்தியின் வாய்ப்பக்கம் நெடுக, அலை போல ஒரு மெல்லிய கோடு. கோட்டுக்குக் கீழே பளிச்சென்ற வெள்ளை, மேலே மங்கிய சாம்பல் நிறம். இரண்டும் இரண்டு உலோகங்கள்! ரொட்டிக்கு நடுவே காயா தடவுவது போல, இரண்டு பக்கமும் மெதுவான இரும்பு வைத்து, நடுவில் கடினமான எஃகை வைத்து ஒட்டவைத்திருக்கிறார்கள். முழுக்க முழுக்கக் கடின எஃகாகச் செய்தால் விலை கூடும். அதோடு கல்லில் பட்டால் 'படக்' என்று ஒடிந்துவிடும். முழுக்க மெதுவான இரும்பாகச் செய்தால் கூர் நிற்காது. ஆகவே வெட்டுவதற்கு எஃகு, தாங்குவதற்கு இரும்பு. எல்லா மோராக் கத்திகளும் இப்படி அல்ல. ஆனால் பழைய நல்ல கத்திகளில் இந்தக் கோடு இருக்கும். நான் தேய்த்ததில் விளைந்த ஒரே நன்மை, அந்தக் கோடு தெளிவாகத் தெரிந்ததுதான்!

வாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீட்டுச் சமையல் கத்தியில் நுனி வாய்க்கு மட்டும் தனியாக ஒரு சின்னச் சாய்வு இருக்கும். இந்த வடநாட்டுக் கத்திகளில் அலகின் நடுவிலிருந்தே அகலமாக ஒரே சாய்வு இறங்கி வாயில் போய் முடியும். அந்தச் சாய்வை அப்படியே கல்லின்மேல் படுக்க வைத்து இழுக்க வேண்டியதுதான், கோணம் பார்த்துக் கை நடுங்க வேண்டியதில்லை. காட்டில் இருப்பவனும் தீட்டலாம், சிறுவனும் தீட்டலாம். ஒரு பழைய கத்தியில் இந்தச் சாய்வுக்குக் கீழே இன்னொரு குட்டிச் சாய்வு இருந்தால், பிற்காலத்தில் விவரம் தெரியாத யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

1874 என்று போட்டிருந்தால் ஏமாறாதீர்கள்

சுவீடனில் எஸ்கில்ஸ்தூனா என்று இன்னொரு ஊர். இரும்புப் பட்டறைகளுக்குப் பேர்போனது. அங்கே ஒரு வேடிக்கையான மடக்குக் கத்தி செய்தார்கள். பார்த்தால் சின்ன மரப்பீப்பாய். ஒரு முனையை அழுத்தி இழுத்தால் உள்ளிருந்து உலோகச் சட்டம் ஒன்று வெளியே வரும். அந்தச் சட்டத்துக்குள் அலகு மடங்கி இருக்கும். அலகை விரித்து, சட்டத்தை மறுபடி பீப்பாய்க்குள் தள்ளிவிட்டால், மடக்குக் கத்தி ஆடாத அசையாத நிலைக்கத்தி ஆகிவிடும். பையில் போட்டுக்கொண்டு கப்பலுக்குப் போகிறவர்களுக்கு ஏற்றது.

இதில் 'யோஹான் எங்ஸ்த்ரோம், எஸ்கில்ஸ்தூனா, 1874' என்ற முத்திரை அடிக்கடி கண்ணில் படும். வாங்குகிறவர் மனம் துள்ளும், 'ஆகா, 1874ல் செய்த கத்தி!' என்று. அப்படி அல்ல. அந்த முத்திரையோடு இருபதாம் நூற்றாண்டிலும் கத்திகள் வந்துகொண்டிருந்தன. கடைப் பலகையில் 'நிறுவியது இந்த ஆண்டு' என்று எழுதுகிறோமே, அது மாதிரிதான். எழுத்தை மட்டும் நம்பி விலை கொடுக்கிறவர் ஏமாறுவார்.

பின்லாந்தின் பூக்கோ

பின்லாந்துக்காரர்கள் தங்கள் கத்தியைப் 'பூக்கோ' என்பார்கள். அவர்கள் மொழியில் 'பூ' என்றால் மலர் அல்ல, மரம். மரப்பிடி போட்டது என்பதால் இந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள்.

பூக்கோவின் பிடிகளில் எனக்குப் பிடித்தது பிர்ச் மரப்பட்டையில் செய்தது. பட்டையைச் சின்னச் சின்னச் சதுரங்களாக நறுக்கி, நடுவில் ஓட்டை போட்டு, அலகின் வாலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, இறுக்கி நெருக்கிப் பிறகு செதுக்கி வழவழப்பாக்குவார்கள். ஏன் இத்தனை பாடு? அந்த நாட்டுக் குளிரில் வெறும் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும். மரப்பட்டை கைக்குச் சில்லிடாது, மீன் அறுக்கும்போது ஈரம் பட்டாலும் வழுக்காது.

மேற்குப் பகுதியில் கவுஹாவா என்று கத்திக்கென்றே பெயர்பெற்ற ஊர். அங்கே ஈசாக்கி யார்வென்பா என்ற கொல்லரின் பெயரில் 1879ல் தொடங்கிய பட்டறையின் கத்திகளில், பிடியின் அடியில் பித்தளைக் குதிரைத் தலை இருக்கும். ஒரே உறையில் பெரிய கத்தி ஒன்றும் சின்னக் கத்தி ஒன்றும் செருகிய இரட்டைக் கத்திகளும் அந்தப் பக்கத்தில் உண்டு. இந்த வட்டாரத்துக்கு ஒரு கெட்ட பெயரும் சேர்ந்தே வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், கல்யாண வீட்டில் புகுந்து கத்தியை உருவும் முரடர்கள் இங்கே பேர்போனவர்களாக இருந்தார்கள். அவர்களுக்குப் பூக்கோவைச் சேர்த்தே ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அதே பின்லாந்தில், நல்ல மனிதருக்குப் பூக்கோவைப் பரிசாகக் கொடுப்பது பெரிய மரியாதை.

'தொம்மி' என்று ஒரு வகை உண்டு. பின்லாந்துக் கத்திக்கு ஆங்கிலேயப் பெயர் எப்படி? 1649ல் தொடங்கிய பழைய இரும்பாலை ஃபிஸ்கார்ஸ். அங்கே தாமஸ் உட்வார்ட் என்ற ஆங்கிலேயக் கொல்லர் இருந்தார். ஹுருன்சால்மி என்ற வடக்குக் கிராமத்துக் கொல்லரான கல்லே கேரானென் அவரிடம் தொழில் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். தான் செய்த கத்திக்குக் குருவின் செல்லப் பெயரையே வைத்துவிட்டார். கத்தி உலகில் குருதட்சிணை இப்படியும் இருக்கிறது!

நார்வேயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யெய்லோ ஊரின் புருஸ்லெத்தோ (1896), ஹோல்மெதாலின் ஹெல்லே (1932) ஆகிய இரு பட்டறைகளின் பெயர்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். தேசிய நாளான மே 17ல் பரம்பரை உடை உடுத்தும் ஆண்கள் பலர், வெள்ளி வேலைப்பாடு செய்த கத்தியை இடுப்பில் தொங்கவிடுவார்கள். அது உடைக்கு அணியும் நகை. பக்கத்து வீட்டுச் சிறுவனுக்குக் கொடுக்கும் சாதாரண செதுக்குக் கத்தி வேறு. நாம் வேட்டிக்கு ஒரு துண்டும் வயலுக்கு ஒரு துண்டும் வைத்துக்கொள்வதைப் போல.

கொம்பில் எழுதிய குடும்பம்

இந்த மூன்று நாடுகளின் வடமுனையிலும், ரஷ்யாவின் ஓரத்திலும் சாமி என்ற மக்கள் வாழ்கிறார்கள். (பழைய புத்தகங்களில் 'லாப்' என்று இருக்கும். அந்தப் பெயரை அவர்கள் விரும்புவதில்லை.) அவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாகப் பனிமான் மேய்ப்பவர்கள். அவர்களுக்குக் கத்தி இரண்டு. பெரியது, கிட்டத்தட்ட நம் சின்னப் பாராங் மாதிரி. கிளை தறிக்கவும், விறகு பிளக்கவும், எலும்பு உடைக்கவும் உதவும். சின்னது நுண்ணிய வேலைக்கு. அந்த நுண்ணிய வேலைகளில் ஒன்று, கோடையில் மான்குட்டிகளின் காதில் அடையாளம் வெட்டுவது. ஒவ்வொருவருக்கும் காதில் ஒரு தனி வெட்டு. ஆயிரம் மான்கள் கலந்து நின்றாலும், 'இது எங்களுடையது' என்று அந்த வெட்டுச் சொல்லும். கத்தி தப்பினால் சொத்தே கை மாறிவிடும்!

சாமிக் கத்தியின் பிடியும், பல சமயம் உறையின் பாதியும் பனிமானின் கொம்பில் செய்யப்படும். கொம்பில் நுண்ணிய கோடுகளால் கோலம் கீறி, ஆல்டர் என்ற மரத்தின் பட்டையை அரைத்துத் தடவுவார்கள். கீறிய கோடுகளில் மட்டும் செம்பழுப்பு நிறம் ஏறிக்கொள்ளும். இந்தக் கோலத்தைப் படிக்கத் தெரிந்தால் ஊர் தெரிந்துவிடும். தென்பகுதிச் சாமிகளின் வேலையில், பின்னல், கட்டம், வளைந்து நெளியும் வரிகள் நெருக்கமாக இட்டு நிரப்பியிருக்கும். வடக்கே போகப் போக இடம் விட்டு, பூ, நட்சத்திரம், மான் என்று உருவங்களாக வரைந்திருப்பார்கள். உறையின் நுனி நன்றாக வளைந்திருக்கும். அங்கே துளைகள் போட்டு அழகுபடுத்துவதும் உண்டு.

இங்கேதான் போலிகளும் அதிகம். சுற்றுலாக்காரர்களுக்கு விற்பதற்காக, எங்கோ ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக்கில் அச்சு வார்த்து மான் படம் போட்டுவிடுகிறார்கள். ஒரு சாமிக் கைவினைஞர் ஒரு கத்தியைச் செய்து முடிக்க நாட்கணக்கில் உட்கார வேண்டும். பக்கத்திலேயே பொம்மைக் கத்தி அடிமாட்டு விலைக்கு விற்றால் அவர் என்ன செய்வார்? ஆகவே அவர்கள் தங்கள் கைவினைக்கு 'துவோஜி' என்ற தங்கள் சொல்லிலேயே ஒரு முத்திரைச் சீட்டு வைத்திருக்கிறார்கள். புதிதாக வாங்குவோர் அதைப் பார்த்து வாங்கலாம். பழையது என்றால் கொம்பின் வெட்டு முனையைப் பாருங்கள். உண்மையான கொம்பின் நடுவில் கடற்பஞ்சு மாதிரி நுண்துளைகள் இருக்கும். பிளாஸ்டிக்கில் இருக்காது. சூட்டு ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். உண்மையாக இருந்துவிட்டால், அழியாத தழும்பை நீங்களே போட்டவர்களாவீர்கள்.

சுவீடனின் வடக்கே யோக்மோக் என்ற ஊரில் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாதக் கடுங்குளிரில் ஒரு சந்தை கூடும். 1605ல் தொடங்கியது. இன்றும் சாமிக் கைவினைஞர்கள் தாங்கள் செய்த கத்திகளை அங்கே கொண்டுவந்து வைக்கிறார்கள். செய்தவரிடமே பேசி வாங்கலாம். போய்ப் பார்க்க எனக்கும் ஆசைதான், அந்தக் குளிரை நினைத்தால்தான்...

பெட்டியில் இருக்கும் கத்தி எது?

கத்தி சேர்ப்பவர்களின் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தால் எனக்கு ஒரு குறை தோன்றும். வெள்ளிப் பூண் போட்டது, குதிரைத் தலை வைத்தது, பரிசாக வந்து ஒருநாளும் வெட்டாதது, இவைதான் வரிசையாக இருக்கும். காட்டில் மரம் வெட்டியவர் கத்தி எங்கே? மீனவர் கத்தி எங்கே? அவர்கள் அதைத் தீட்டித் தீட்டி, விரல் அகல அலகு ஈர்க்குச்சி அகலம் ஆகும்வரை வேலை வாங்கியிருப்பார்கள். பிறகு தூக்கி எறிந்திருப்பார்கள். உழைத்த கத்தி தேய்ந்தே மறைந்துவிட்டது. உழைக்காத கத்திதான் அரும்பொருள் ஆகிவிட்டது.

அதனால் நான் சொல்வேன், பழைய கடையில் நீங்கள் ஒன்றைப் பார்த்தால், தேய்ந்ததை அலட்சியம் செய்யாதீர்கள். அலகின் முதுகுக் கோடும் வாய்க் கோடும் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று பாருங்கள். பிடியில் ஒரு பக்கம் மட்டும் தேய்வு அதிகமா? அவர் வலக்கைக்காரரா, இடக்கைக்காரரா என்று யோசியுங்கள். உறை இருந்தால் அதன் தோலைப் பாருங்கள். வடநாட்டு உறை ஆழமானது. பிடியில் பாதிக்கு மேல் உள்ளே போய்விடும். குனிந்தாலும் ஓடினாலும் கத்தி விழாது. பின்லாந்து உறைக்குள் மரத்தில் குடைந்த ஒரு மெல்லிய உள்கூடு இருக்கும், அலகு தோலைக் கிழிக்காமல் இருப்பதற்காக. உறை வேறு, கத்தி வேறாகச் சேர்த்து விற்பதும் உண்டு. உறைக்குள் செருகிய பிடி கெட்டியாக உட்காராமல் ஆடினால் சந்தேகப்படுங்கள்.

வாங்கிய பிறகு? நான் செய்ததைச் செய்யாதீர்கள். துருவின்மேல் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒருநாள் ஊறவிட்டு, பழைய துணியால் துடையுங்கள். துரு கொஞ்சம் கொஞ்சமாக வரும். நீலமும் சாம்பலுமாக ஒரு நிறம் மட்டும் மிஞ்சும். அது அழுக்கு அல்ல, பல ஆண்டு உழைப்பில் எஃகுக்கு வந்த நிறம். அதை விட்டுவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுக்காகிவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கத்தியைத் தோலுறைக்குள் வைத்தே பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உள்ளே துருப்பிடிக்க வைக்கும். இரண்டையும் தனித்தனியாக வையுங்கள்.

இன்னொன்று, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். பெரியவர்களும் அழகாக இருக்கிறதே என்று இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட வேண்டாம். நம் சட்டம் அதைப் பொறுக்காது. கத்திக்குப் பேர்போன சுவீடனிலேயே, வேலை போன்ற தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருக்கத் தடை இருக்கிறது.

என் மோராக் கத்தி இப்போது மேசை இழுப்பறையில் ஒரு துணியில் சுற்றிக் கிடக்கிறது. மாதம் ஒருமுறை எண்ணெய் போடுகிறேன். போடும்போதெல்லாம், முத்திரை இருந்த இடத்தில் மிஞ்சிய அந்த ஒரு கீற்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறேன். முதல் எழுத்து 'எஃப்' மாதிரி ஒருநாள் தெரிகிறது, 'இ' மாதிரி இன்னொருநாள் தெரிகிறது. உப்புக்காகிதம் இருந்த பெட்டியை என் மனைவி அன்றைக்கே எங்கோ ஒளித்து வைத்துவிட்டார். இன்றுவரை சொல்லவில்லை.